தறிக்குழியில் சாம்பல்

சாம்பல் குளங்களை மூடும் வேலைக்கு உங்களை அனுப்பப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பம்ப் எத்தனை குதிரைத்திறன், கரைச்சரிவு எத்தனைக்கு எத்தனை, மேலே எத்தனை அடி மண் போட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. நான் இரண்டு நாள் தாமதம் செய்த கதையைச் சொல்கிறேன். உத்தியோகத்தில் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு நாளைப் பற்றி எழுதின அறிக்கை மட்டும்தான் வரிவரியாக நினைவில் இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்தை ஒட்டின ஊர்தான். சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அங்கிருந்து தினமும் மொபெட்டில் மாகறல் பக்கம் ஒரு தனியார் ஆலைக்குப் போய்வந்தேன். நிலக்கரியை எரித்துத் தன் தேவைக்கு மட்டும் மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சின்ன மின்நிலையம் ஒன்று அந்த ஆலைக்கு இருந்தது. எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குளத்துக்கு அனுப்புவோம். சாம்பல் அடியில் படியும், தெளிந்த தண்ணீர் மேலே நிற்கும். தொண்ணூறுகள் முழுக்க அப்படிச் சேர்ந்த சாம்பல் அந்தக் குளத்தில் இருந்தது. நடுவில் ஒரு குறுக்குக்கரை போட்டு, வடக்குப் பாதி, தெற்குப் பாதி என்று பிரித்திருந்தார்கள்.

தெற்குக்கரைக்கு வெளியே, வேலிகாத்தான் புதர்களைத் தாண்டினால் ஒரு நெசவாளர் காலனி. இருபது, இருபத்தைந்து வீடுகள். வீட்டுக்கு வீடு பட்டுத்தறி. குளம் மேட்டில், காலனி பள்ளத்தில். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வரைபடத்தில் ஒரு ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக அந்த வீடுகளும் இருந்தன. நான் அவற்றைக் கட்டங்களாகத்தான் பார்த்திருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆலை நிர்வாகம் ஒரு முடிவு செய்தது. இனி சாம்பலை உலர்ந்தபடியே எடுத்துச் செங்கல் சூளைக்கும் சிமெண்ட் ஆலைக்கும் கொடுத்துவிடலாம், குளத்தை வடித்து மூடிவிடலாம் என்று. அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. முதலில் வடக்குப் பாதி. பொங்கல் கழிந்ததும் தொடங்கி, மழைக்காலத்துக்குள் வடித்து, உலரவிட்டு, மேலே மண் போட வேண்டும். அடுத்த வருஷம் தெற்குப் பாதி. வடிக்கிற தண்ணீரை எங்கே விடுவது என்பதுதான் கேள்வி. பரிசோதனை முடிவு வந்து அனுமதி கிடைக்கும்வரை வெளியே ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது. அதனால் வடக்குப் பாதித் தண்ணீரை ஆறு டீசல் பம்ப் வைத்துத் தெற்குப் பாதிக்கே இறைத்தேன். திட்டம் என்னுடையது. மேலாளர் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டார்.

தெற்குப் பாதியில் தண்ணீர் அதற்குமுன் ஒருநாளும் நிற்காத உயரத்துக்கு ஏறியது. கரை அதைவிட உயரம் என்று கணக்குப் போட்டுவைத்திருந்தேன். கணக்கு சரிதான். ஆனால் அது கரைக்கு மேலே வழியும் தண்ணீருக்கான கணக்கு. கரைக்கு உள்ளே புகுந்து போகும் தண்ணீரை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

கத்திரி வெயில் தொடங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை காலை, காவலாளி ஒரு பெண்ணை என் அறைக்கு அழைத்துவந்தார். முப்பது வயது இருக்கும். கையில் மூடி போட்ட ஒரு பித்தளைச் சொம்பு. பெயர் மல்லிகா, காலனியிலிருந்து வருகிறேன் என்றாள்.

"எங்க தறிக்குழியில தண்ணி ஊறுது சார்."

தறிக்குழி என்றால் என்னவென்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுத் தரையில் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டியிருப்பார்கள். நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு, மிதியை மிதித்து நெய்வார். தரைக்குக் கீழே ஈரம் ஏறினால் முதலில் தெரிவது அங்கேதான்.

பம்ப் குத்தகைக்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார். டீசல் வருவது தாமதமாகிறது என்று அவரிடம் கத்திக்கொண்டிருந்தேன். பாதிக் காதோடுதான் அவள் பேச்சைக் கேட்டேன்.

"குழியில தண்ணி வர்றது புதுசா என்னம்மா? மழை பெய்ஞ்சா எல்லா வீட்லயும்தான் வரும்."

"மழைக்காலத்துல வரும் சார். தறிய நிறுத்திக்கினு உக்காந்திருப்போம். இது கத்திரி வெயிலு. கெணத்துலயே தண்ணி அடியில கெடக்குது. குழியில மட்டும் எப்டி வருது?"

"பக்கத்துல எங்கயாவது குழாய் உடைஞ்சிருக்கும். போய்ப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் சார் வரேன்."

அந்தப் பதில் என்னை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "சரி, புதன்கிழமை நானே வந்து பார்க்கிறேன்" என்றேன். அவளை அனுப்பிவைக்கத்தான் அப்படிச் சொன்னேன். அவளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். சொம்பை என் மேசையின் ஓரத்தில் வைத்தாள்.

"இது குழியில மொண்ட தண்ணி. சொம்பு எங்க வீட்டுது சார். வரும்போது எடுத்துக்கினு வாங்க."

திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று. சொம்பு மேசையிலேயே இருந்தது. அதன் பக்கத்தில் வைத்துத்தான் வரைபடம் பார்த்தேன், டீ குடித்தேன். புதன்கிழமை காலையில் சொம்பைப் பார்த்ததும் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஜன்னலுக்கு எடுத்துப்போய்ச் சாய்த்தேன். தண்ணீர் தெளிவாகப் போனது. கடைசியில் அடியிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கூழ் வழுக்கிக்கொண்டு வந்தது.

விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். களிமண் என்றால் ஒட்டும், மணல் என்றால் நறநறக்கும். இது முகத்துக்குப் போடும் பவுடர்போல வழுக்கியது. பத்து வருஷமாக என் சட்டையிலும் தலையிலும் படிந்த பொருள். அதை நான் வேறு எதுவாகவும் நினைக்க வழியே இல்லை.

இரண்டு நாள் என் முழங்கைக்குப் பக்கத்தில் அது இருந்திருக்கிறது.

கன்னியப்பனைக் கூப்பிட்டுக்கொண்டு மொபெட்டில் கிளம்பினேன். குளத்துக்குக் கரை போட்ட நாளிலிருந்து அங்கே வேலை பார்த்தவர் அவர். பம்ப், குழாய், கரை எல்லாம் அவர் பார்வையில்தான். ஏறத்தாழ என் வயது.

மல்லிகா வீட்டில் தறி நின்றுபோயிருந்தது. அரக்கு நிறத்தில் பாவு நூல் தறியின் நீளத்துக்கு விரித்தபடி இருந்தது, புடவை பாதி நெய்திருந்தது. அவள் கணவர் ஏழுமலை குழிக்குள் நின்று வாளியில் இறைத்துக்கொண்டிருந்தார். கணுக்கால்வரை தண்ணீர்.

"காலையிலேந்து நாலு தபா எறச்சிட்டன் சார். எறைக்க எறைக்க வருது" என்றார்.

மல்லிகா என் வெறும் கையைப் பார்த்தாள். சொம்பை மறந்து மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். "பின்னால வாங்க" என்று வீட்டுப் புறக்கடை வழியாகப் புதருக்குள் நடந்தாள்.

கரையின் அடிவாரத்தில், வேலிகாத்தானுக்கு நடுவே, உலைநீர் கொதிப்பதுபோல ஓரிடத்தில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் சாம்பல் வட்டமாகக் குவிந்திருந்தது. ஊற்றுத் தண்ணீர் கலங்கலாக, சாம்பல் நிறமாக, புதரை நனைத்துக்கொண்டு காலனிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

கரையில் தண்ணீர் கசிவது புதிதல்ல. எல்லா மண்கரையும் கொஞ்சம் கசியும். தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால், கரைக்குள்ளிருந்து எதையோ அரித்து எடுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். உள்ளே ஒரு பொந்து குளத்தை நோக்கி நீண்டுகொண்டே போகிறது. அது குளத்துத் தண்ணீரைத் தொட்டுவிட்டால் பிறகு கரை நிற்காது.

கன்னியப்பன் குனிந்து பார்த்தார். "களிமண்ண மூட்டையா கட்டி அமுக்கிடலாம் சார். நின்னுடும்."

"அடைச்சா இங்க நிக்கும். வேற எங்கயாவது கிளம்பும். தண்ணி வந்துட்டுப் போகட்டும், சாம்பல்தான் வரக்கூடாது. நீங்க ஓடிப்போய் ஆறு பம்ப்பையும் முதல்ல நிறுத்துங்க. அப்புறம் குழாயை மாத்திப் போடுங்க. தெற்குலேந்து எடுத்து வடக்குல விடணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வடிச்சதை எல்லாம் திரும்ப அங்கியேவா?"

"ஆமா."

வேறு ஒன்றும் கேட்காமல் ஓடினார். கேட்க வேண்டிய நேரம் எது, ஓட வேண்டிய நேரம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அலுவலகத்துக்கு வந்து மேலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சென்னையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. மழைக்காலத்துக்குள் வடக்குப் பாதி மூடப்படும் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

"திருப்பி விட்டா நாலு மாச வேலை போச்சேப்பா."

"போச்சு சார்."

"களிமண் போட்டு அடை. நான் சாயந்திரம் வந்து நேர்ல பார்க்கறேன். அதுவரைக்கும் பம்ப்பைத் தொடாதே."

"சாயந்திரம் வரைக்கும் கரை நிக்குமான்னு எனக்குத் தெரியாது சார். நான் பம்ப்பைத் திருப்பறேன்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன். ஒரு மேலதிகாரியின் பேச்சை அப்படி நான் துண்டித்தது அதுதான் முதல்முறை. வெளியே ஒவ்வொரு பம்ப்பாகச் சத்தம் அடங்குவது கேட்டது. ஆறாவதும் நின்றபின் மறுபடி காலனிக்குப் போனேன்.

வீட்டை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. இதை எந்தப் படிப்பிலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. தெருவில் நின்று சொன்னேன். மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், கோடை விடுமுறை, காலியாகத்தான் இருக்கிறது என்றேன். ஒருவரும் நகரவில்லை. காரணம் இருந்தது. எல்லார் தறியிலும் பாவு ஏறியிருந்தது. பட்டும் ஜரிகையும் அவர்களுடையது இல்லை, முதலாளி கொடுத்தது.

"பாவ சுருட்டாம எப்டி சார் போறது?" என்றார் ஏழுமலை. "முகூர்த்தப் பொடவ. ரெண்டு மணி நேரம் குடுங்க, சுருட்டிக்கினு வந்துடறோம்."

மல்லிகா அவரைத் தாண்டி என் முன்னால் வந்து நின்றாள். "எவ்ளோ நேரம் இருக்குது சார்? சரியா சொல்லுங்க."

அந்த இடத்தில் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை, ஒரு முன்னெச்சரிக்கைதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர்கள் உட்கார்ந்து பாவைச் சுருட்டியிருப்பார்கள். இன்னும் அரைமணி நேரம்தான் என்று மிரட்டியிருக்கலாம். அரைமணி கழித்து ஒன்றும் நடக்காவிட்டால் அத்தனை பேரும் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்.

"தெரியாதும்மா" என்றேன். "இப்பவே போகலாம். ரெண்டு நாள் தாங்கினாலும் தாங்கும். எனக்குத் தெரியலை."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "தெரியலன்னு ஒரு இன்ஜினீயர் வாயத் தொறந்து சொல்றாருன்னா, அப்போ நெசந்தான்" என்று கணவரிடம் சொன்னாள். பிறகு உள்ளே போனாள். இரண்டு பிள்ளைகளையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தறியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெரு நடுவில் நின்று, "எம் பொடவைய வுட்டுட்டு வந்துட்டன். இன்னும் யாரு தறிகிட்ட நிக்கறது? வாங்கடி வெளிய" என்று கத்தினாள்.

நான் சொன்னபோது அசையாத தெரு அவள் சொன்னதும் அசைந்தது. பள்ளிக்கூடத்துப் பூட்டை உடைக்க வேண்டியிருந்தது. பிறகு அதையும் அறிக்கையில் எழுதினேன்.

அதற்குள் குழாய்களை மாற்றிப் போட்டு, ஆறு பம்ப்பும் தெற்கிலிருந்து வடக்குக்கு இறைக்கத் தொடங்கியிருந்தன. அடுத்த வேலை ஊற்று. குளத்தை மூடும் வேலைக்காகக் கொட்டிவைத்திருந்த ஆற்றுமணலும் ஜல்லியும் எங்களிடம் இருந்தன. ஊற்றின் மேல் முதலில் பெருமணல், அதன்மேல் பொடிஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று அடுக்க வேண்டும். தண்ணீர் அதற்குள் புகுந்து வெளியே வரும், சாம்பல் மட்டும் தங்கிவிடும். செய்முறை சின்னது. ஆனால் செய்ய வேண்டிய இடம் எப்போது வேண்டுமானாலும் உடையக்கூடிய ஒரு கரையின் காலடி.

எட்டுப் பேருக்கு மேல் கீழே வரக்கூடாது என்றேன். இஷ்டப்பட்டவர்கள் மட்டும் வந்தால் போதும். கன்னியப்பனைக் கரைமேல் நிறுத்தி, அவர் சீட்டி அடித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கிழக்கு மேட்டுக்கு ஓட வேண்டும், யாரும் யாருக்கும் காத்திருக்கக் கூடாது என்று சொல்லி, எல்லாரையும் ஒருமுறை திருப்பிச் சொல்ல வைத்தேன். ஏழு பேர் எங்கள் ஆட்கள். எட்டாவதாக ஏழுமலை வந்து வரிசையில் நின்றார். வேண்டாம் என்றேன்.

"எங்க வூட்டுப் பின்னால வர்ற தண்ணி சார்" என்று மணல் நிரப்பின இரும்புப் பாண்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

நான் ஊற்றின் பக்கத்திலேயே நின்றேன். மற்றவர்களை அங்கே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் வேறு எங்கேயும் நிற்க முடியாது. கையில் ஒரு கண்ணாடித் தம்ளர். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணீரைப் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். முதல் நான்கு தம்ளரும் கலங்கல். ஐந்தாவதும் கலங்கல். மணல் பாண்டு பாண்டாக வந்துகொண்டே இருந்தது.

மத்தியானம் கழிந்ததும் கரைமேலிருந்து கன்னியப்பன் குரல் கொடுத்தார். சீட்டி இல்லை, என்னை மட்டும் கூப்பிட்டார். ஏறிப் போனேன். கரையின் மேல் உட்பக்கமாக நீளவாக்கில் ஒரு விரிசல். உள்ளங்கை நுழையும் அகலம்.

"காலையில இது இல்ல சார். தண்ணி எறங்க எறங்க தொறக்குது."

நனைந்து ஊறிய கரைக்குத் தண்ணீரே ஒரு முட்டுதான். அதைச் சடாரென்று இறக்கினால் கரையின் உட்பக்கம் சரிந்துவிடும். மெதுவாக இறக்கினாலோ, வெளியே பொந்து பெரிதாகிக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் ஆபத்து. நடுவில் எந்த வேகம் சரி என்று சொல்ல என்னிடம் ஒரு புத்தகமும் இல்லை. கீழே இறங்கிப் போய் இன்னொரு தம்ளர் பிடித்தேன். கலங்கல் கொஞ்சம் குறைந்திருந்ததுபோல் இருந்தது. என் ஆசைதான் அப்படிக் காட்டுகிறதோ என்று ஏழுமலையிடம் கொடுத்தேன். ஜரிகையில் மயிரிழை நிறமாற்றத்தைக் கண்டுபிடிக்கிற கண் அது.

அவர் தூக்கிப் பார்த்து, "மொதல்ல புடிச்சதுக்கு இது தேவல சார்" என்றார்.

மணல் வேலை செய்கிறது. அப்படியென்றால் வேகத்தைக் குறைக்கலாம். ஆறு பம்ப்பில் இரண்டை நிறுத்தச் சொன்னேன்.

நாலு மணிக்கு மேலாளர் வந்துசேர்ந்தார். காரிலிருந்து இறங்கி நேராக ஊற்றுக்கு வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. காலையில் பம்ப்பைத் தொடாதே என்று சொன்ன அதே மனிதர், "ஏன் நாலுதான் ஓடுது? ஆறையும் ஓட்டு!" என்றார். நான் அவரைக் கரைமேல் அழைத்துப்போய் விரிசலைக் காட்டினேன். குனிந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தார். சட்டைக் கைமடிப்புவரை உள்ளே போனது. எழுந்து கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாலே ஓடட்டும்" என்றார். அதன்பின் அன்று முழுக்க அவர் எனக்கு உத்தரவு எதுவும் போடவில்லை. சட்டையைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டு, ஜல்லி லாரிக்குப் பின்னால் நின்று வழிகாட்டிக்கொண்டிருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெயில் சாயும் நேரம். ஊற்றின் மேல் ஜல்லி இடுப்புயரம் ஏறியிருந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் சன்னமாக வழிந்தது. தம்ளரில் பிடித்தேன். தம்ளருக்கு அந்தப் பக்கம் ஏழுமலையின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவரும் அதைப் பார்த்துவிட்டார்.

"சார், பொழுது எறங்குது" என்று மேலிருந்து கன்னியப்பன் கத்தினார். "இப்ப சாப்டலன்னா உங்களுக்கு நாளைக்குத்தான் சோறு."

மணல் குவியலில் உட்கார்ந்து, சாம்பல் கையைத் துடைத்துக்கொண்டு தயிர்ச்சோறு சாப்பிட்டேன். அன்றைக்கு முதல்முறையாகக் கால் வலிப்பது தெரிந்தது.

கரை உடையவில்லை. மூன்று நாள் காலனி சனம் பள்ளிக்கூடத்தில் இருந்தது. தெற்குப் பாதித் தண்ணீர் பழைய மட்டத்துக்கு வந்தபின் வீடு திரும்பினார்கள். தறிக்குழிகள் காய மேலும் பல நாள் ஆயிற்று. மல்லிகா வீட்டுப் பாவில் ஈரம் ஏறிவிட்டிருந்தது. ஜரிகை கறுத்துவிட்டது. அந்தப் புடவை எந்த முகூர்த்தத்துக்கும் போகவில்லை.

அறிக்கை எழுத வேண்டிய நாள் வந்தது. மேலாளர் ஒரு வரைவு தயார் செய்து அனுப்பினார். 'வழக்கமான சோதனையின்போது கசிவு கண்டறியப்பட்டு உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று முதல் வரி. நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருந்தார், என்னைக் காப்பாற்ற. நான் வேறு காகிதம் எடுத்தேன். வடக்குத் தண்ணீரைத் தெற்கில் ஏற்றியது என் திட்டம் என்று எழுதினேன். காலனியைச் சேர்ந்த மல்லிகா என்பவர் திங்கட்கிழமை காலை சாம்பல் கலந்த தண்ணீரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார், புதன்கிழமை காலைவரை நான் அதைப் பார்க்கவில்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"இதை அனுப்பினா உனக்குத்தாம்ப்பா கஷ்டம்" என்றார்.

"அனுப்புங்க சார். நாளைக்கு இன்னொருத்தர் இதே வேலையைச் செய்யும்போது அந்த முதல் வரியை நம்பிடப்போறார்."

கஷ்டம் வந்தது. சென்னைக்கு இரண்டு முறை கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். என்னோடு சேர்ந்தவர்கள் பதவி உயர்ந்தபோது நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். ஆனால் குளத்தை மூடும் வேலையை என்னிடமிருந்து எடுக்கவில்லை. எடுக்காதீர்கள் என்று நானே கேட்டுக்கொண்டேன். கெடுத்த வேலையைச் சரியாக முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டிருந்தது.

சொம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மல்லிகா ஒன்று கேட்டாள். "சார், அந்தக் கரைக்கு அந்தப் பக்கம் இன்னாதான் இருக்குது? கண்ணால பாக்கணும்."

கல்யாணமாகி அந்தக் காலனிக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. எங்கள் வேலி யாரையும் விட்டதில்லை. அன்றைக்கே அவளையும் தெருப் பெண்கள் நாலைந்து பேரையும் கரைமேல் அழைத்துப்போனேன். எதிரே கண்ணுக்கு எட்டினவரை சாம்பல், ஒரு பக்கம் தண்ணீர். அவள் திரும்பித் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். அது எங்கள் காலுக்குக் கீழே வெகு பள்ளத்தில் இருந்தது. மறுபடி தண்ணீரைப் பார்த்தாள்.

"இத்தினி உசரத்துலயா தண்ணிய வெச்சிக்கினு இருந்தீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எப்ப சார் மூடுவீங்க?"

காகிதத்தில் இருந்த தேதி வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டேன். "ஒழுங்கா செஞ்சா மூணு மழைக்காலம் ஆகும்மா."

"சரி, நான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்து கேப்பன்."

வந்தாள். ஒரு வெள்ளி தவறினால் அடுத்த நாள் வந்தாள். கரைமேல் நின்று, தண்ணீர் எத்தனை அடி இறங்கியது, கீழே கசிவு தெளிவா கலங்கலா என்று கேட்டுவிட்டுப் போவாள். அவளுக்குச் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே வியாழக்கிழமை நான் கரை முழுக்க நடந்து பார்ப்பேன். வெளியேற்ற அனுமதி வந்தபின் இரண்டு பாதியையும் சேர்த்து, அளந்து, நாளுக்குக் கொஞ்சமாக இறக்கினோம். தண்ணீர் போனபின்னும் சாம்பல் ஏமாற்றும். மேலே ஓடு கட்டி ஆள் நடக்கலாம் போலத் தெரியும். கம்பியை விட்டுப் பார்த்தால் அடியில் கஞ்சியாக இருக்கும். ஓரத்திலிருந்து வாய்க்கால் வெட்டி, காத்திருந்து, மறுபடி வெட்டி, கடைசியாக மண் போட்டு, புல் விதைத்தோம். சொன்னபடி மூன்று மழைக்காலம் ஆயிற்று. மேலாளர் மாறிவிட்டார், பம்ப் குத்தகைக்காரரும் மாறிவிட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் மாறவில்லை.

வேலை முடிந்த வாரம். முதல் மழைக்குப் புல் முளைத்திருந்தது. மல்லிகாவும் ஏழுமலையும் வந்தார்கள், பின்னால் தெரு சனம் கொஞ்சம். கன்னியப்பன் கரையில் நின்றார். "முடிஞ்சுதும்மா, இனிமே இது வெறும் தரைதான்" என்றேன்.

மல்லிகா புல்லின் விளிம்பில் நின்று காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க முன்னாடி நடங்க சார்."

அவள் சிரிக்கவில்லை. கேட்பது நியாயம்தான். செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கினேன். எந்த இடத்தில் தண்ணீர் கடைசியாக நின்றது, எந்த இடத்தில் கம்பி ஆழமாக இறங்கியது என்று ஒவ்வொரு அடியும் எனக்குத் தெரியும். அந்த இடங்கள் வழியாகவே நேராக நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. தரை கெட்டியாக இருந்தது.

பாதி தூரம் போனபின்தான் என் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.